எழுதியவர் ஒரே ஒருவர்: ‘ஸ்பீக் நவ் (டெய்லர்ஸ் வெர்ஷன்)’ வினைல் பதிப்பு

போனில் மாதச் சந்தாவுக்குள் கேட்கக் கிடைக்கும் ஆல்பத்தை ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மூன்று வினைல் தட்டுகளாக ஏன் வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். தொழில் செலவு என்று சொல்லிவைத்தேன். பாதி உண்மைதான். திருச்சியில் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் பாட்டு. நாலு கார்டு (சுரங்களைச் சேர்த்து மீட்டும் விரல்பிடி) கைக்கு வந்ததும், “மிஸ், நானே ஒரு பாட்டு எழுதட்டுமா?” என்பார்கள். எழுதத் தொடங்கிய பிறகு வருகிற கேள்விதான் சிக்கலானது. தனியாக எழுதினால்தான் அது நம்ம பாட்டா? கூட யாராவது உட்கார்ந்தால் மதிப்புக் குறைந்துவிடுமா?

இந்தக் கேள்வியோடு நேருக்கு நேர் மோதுகிற பாப் ஆல்பங்கள் அதிகம் இல்லை. இது மோதுகிறது. 22 பாட்டு; எழுதியவர் என்ற இடத்தில் 22 பாட்டுக்கும் ஒரே பெயர், டெய்லர் ஸ்விஃப்ட்.

கதையைத் தெரியாதவர்களுக்காக: நான் வாங்கியது 2023-இல் டெய்லர் மறுபடி பாடி வெளியிட்ட பதிப்பு. மூல ஆல்பம் 2010 அக்டோபர் 25-இல் வந்தது. அப்போது டெய்லருக்கு 20 வயது. அதற்கு முந்தைய ஆல்பமான ‘ஃபியர்லெஸ்’ அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியிருந்தது. பாராட்டோடு ஒரு முணுமுணுப்பும் கிளம்பியது. இவ்வளவு சின்னப் பெண் இதையெல்லாம் தானே எழுதியிருப்பாளா, பக்கத்தில் பெரியவர்கள் யாரோ எழுதிக்கொடுத்திருப்பார்கள் என்று. அதற்கு அவர் எடுத்த முடிவு எளிமையானது: கூட எழுதுகிறவர் என்று யாருமே இல்லாவிட்டால் புகழைத் தூக்கி யாருக்குக் கொடுப்பார்கள்? 2023 பதிப்போடு வரும் முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார். ஆக, கலைக்கொள்கை எதுவும் இதில் இல்லை. சுத்தமான வீம்பு. அந்த வீம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 10 லட்சத்து 47 ஆயிரம் பிரதிகள் விற்றன.

சரி, தனியாக எழுதினால் பாட்டில் அது தெரியுமா? எனக்குத் தெரிகிறது. முதல் அடையாளம் நீளம். ‘டியர் ஜான்’ ஆறரை நிமிடத்தைத் தாண்டுகிறது. ‘லாஸ்ட் கிஸ்’ ஆறு நிமிடம். ‘என்சான்டட்’ கிட்டத்தட்ட அதே. அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது அலுவலக வேலை மாதிரி நடக்கும். மியூசிக் ரோ என்ற பகுதியில் நேரம் குறித்துக்கொண்டு இரண்டு, மூன்று பேர் ஓர் அறையில் உட்காருவார்கள். சில மணி நேரத்தில் ஒரு பாட்டோடு எழுந்திருப்பார்கள். அப்படிப்பட்ட அறையில் ‘டியர் ஜான்’ பிறந்திருந்தால், “இரண்டாவது சரணத்தைப் பாதியாக வெட்டு, ரேடியோவில் போட மாட்டார்கள்” என்று ஒருவராவது சொல்லியிருப்பார். சொல்ல ஆள் இல்லாததால் பாட்டு தன்னிஷ்டத்துக்கு நடக்கிறது. ப்ளூஸ் கிட்டார் இழுத்துக்கொண்டே போகிறது. பல்லவி ஒவ்வொரு முறையும் ‘எனக்கே தெரிந்திருக்க வேண்டும்’ என்று தன்னையே நொந்துகொள்கிறது. கடைசி முறை மட்டும் ‘உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எதிராளியின் மேல் திரும்புகிறது. ஒரே ஒரு பெயர்ச்சொல் மாற்றம். அது நம்மை அடிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அந்த ஐந்தாறு நிமிடப் புலம்பல் வேண்டும். நாலு நிமிடப் பாட்டாக இருந்தால் அந்தத் திருப்பம் வெறும் சாமர்த்தியமாக நின்றிருக்கும்.

‘லாஸ்ட் கிஸ்’ வேறு மாதிரி. அதில் திருப்பம் எதுவும் கிடையாது. ஒரே மனநிலை, அதே தாள நடை, சின்னச் சின்ன நினைவுகளின் அடுக்கு. வகுப்பில் இதை வாசித்தால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள், பெண்பிள்ளைகள் இரண்டு பேர் கண்ணைத் துடைப்பார்கள். நான் கொட்டாவிக் கட்சி. ஆனால் கொட்டாவி வந்தாலும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: இந்தப் பாட்டை இன்னொருவரோடு உட்கார்ந்து எழுதவே முடியாது. எதிரில் ஆள் இருந்தால் கூச்சம் வந்துவிடும்.

‘மீன்’ (Mean, அற்பத்தனம் என்ற பொருளில்) பாட்டுக்கு வருவோம். தன் பாட்டைக் கிழித்த ஒரு விமர்சகருக்கு பாஞ்சோ என்ற தந்திக்கருவியை வைத்துக்கொண்டு கொடுத்த பதில். 2012-இல் இரண்டு கிராமி வாங்கியது. கிட்டார் பழகுகிறவர்களுக்கு இந்த ஆல்பத்தில் நான் முதலில் கொடுக்கும் பாட்டும் இதுதான், வலதுகைத் தாளத்துக்கு நல்ல பயிற்சி.

தனியாக எழுதுவதில் உள்ள நஷ்டமும் இதே தட்டில் இருக்கிறது. ‘பெட்டர் தேன் ரிவெஞ்ச்’ என்ற பாட்டில், தன் காதலனைப் பறித்த பெண்ணின் நடத்தையைக் கட்டிலை வைத்துக் கேலி செய்கிற ஒரு வரி 2010-இல் இருந்தது. 2023 பதிப்பில் அந்த வரி இல்லை. விளக்கை நோக்கிப் போன விட்டில்பூச்சி, தீக்குச்சியைக் கையில் வைத்திருந்தவள் என்று மாற்றிவிட்டார். இயைபு கெடாமல், அசை கூடக் குறையாமல் மாற்றியிருக்கிறார், கைவேலை சுத்தம். பழைய வரிதான் உண்மையான கோபம் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் புதியதே போதும். ஆனால் கேள்வி அதுவல்ல. 2010-இல் பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் “இந்த வரி வேண்டாம்மா” என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கலாம். அல்லது விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “இதை அப்படியே வை, பிய்த்துக்கொண்டு போகும்” என்றும் சொல்லியிருக்கலாம். கூட எழுதுகிறவர் எப்போதும் நம்மைவிடப் புத்திசாலியாகவே வாய்ப்பார் என்று யார் உத்தரவாதம் தந்தது?

நல்ல கூட்டாளி எப்படி இருப்பார் என்பதற்கு டெய்லர் வாழ்க்கையிலேயே ஆள் இருக்கிறார்: லிஸ் ரோஸ். 14 வயதில் சோனியின் பாடல் பதிப்பு நிறுவனத்தில் ஒப்பந்தமான டெய்லர், பள்ளி விட்டு வந்து இவரோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முதல் ஆல்பத்தில் பல பாட்டுகளில் இவர் பெயர் உண்டு. லிஸ் ரோஸ் தன் பங்கைப் பற்றிச் சொல்வது, நான் பெரும்பாலும் எடிட்டராகத்தான் இருந்தேன் என்பதே. அதாவது கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலின் மதிப்பு ‘ஆல் டூ வெல்’ பாட்டில் தெரிகிறது. ‘ஸ்பீக் நவ்’ சுற்றுப்பயண ஒத்திகையில் டெய்லர் வாய்க்கு வந்ததைப் பாடத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. தனியாக வெட்ட முடியாமல் லிஸ் ரோஸைத்தான் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து அதை ஐந்தரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012-இல் ‘ரெட்’ ஆல்பத்தில் அது வெளியானது. 2021-இல் பத்து நிமிட வடிவம் வந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்தைத் தொட்ட பாட்டுகளில் மிக நீளமானது என்ற பெயரும் வாங்கியது. உலகம் பத்து நிமிடத்தைக் கொண்டாடியது. நான் இன்றும் வகுப்பில் ஐந்தரை நிமிடத்தைத்தான் சொல்லித் தருகிறேன். பத்து நிமிடத்தில் கோபம் அதிகம்; ஐந்தரையில் வலி அதிகம். இதைச் சொன்னால் என் மாணவிகள் என்னோடு பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘தனியாக’ என்ற பெருமை பேனாவோடு நின்றுவிடுகிறது. நாம் வளர்ந்த விதத்தில் இது நமக்குச் சுலபமாகப் புரியும். நம்மூர் கேசட் அட்டையில் இசை ஒருவர், பாடல் ஒருவர், பாடியவர் ஒருவர் என்று மூன்று வரி தனித்தனியாக இருக்கும். பாடியவரே எழுதினாரா என்று யாரும் சந்தேகப்பட்டதே இல்லை, அவர் எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எஸ்.பி.பி.யின் குரலுக்கு மதிப்புக் குறைந்ததா என்ன? அந்தக் கண்ணால் இந்த ஆல்பத்தின் அட்டையைப் படித்தால் கூட்டம் நிறையவே தெரிகிறது. 2010-இல் தயாரிப்பு டெய்லரும் நேதன் சாப்மேனும். சாப்மேன் தயாரிப்போடு நிற்காமல் பல கருவிகளை வாசித்தும் கொடுத்தவர். ‘ஹான்டட்’டிலும் ‘பேக் டு டிசம்பர்’ பாட்டிலும் வருகிற வயலின் கூட்டத்துக்கு இசைக்கோப்பு பால் பக்மாஸ்டர், எல்டன் ஜானின் பழைய ஆல்பங்களுக்குச் செய்தவர். ஆல்பத்தின் பெயரில்கூட இன்னொருவர் கை உண்டு. முதலில் ‘என்சான்டட்’ என்றுதான் வைப்பதாக இருந்தது. இந்தப் பாட்டுகள் தேவதைக் கதைகளையும் பள்ளிப் பருவத்தையும் தாண்டிவிட்டன, இந்தப் பெயர் பொருந்தாது என்று அன்றைய கம்பெனி முதலாளி ஸ்காட் போர்செட்டா சொல்ல, பெயர் மாறியது. அவர் சொன்னது சரிதான் என்று ஆல்பத்தைக் கேட்டால் தெரியும். மூல ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘லாங் லிவ்’ யாருக்காக? கூட வாசித்த குழுவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், ரசிகர்களுக்கும். தனியாகவே எழுதுவேன் என்று அடம்பிடித்தவர் ‘நாம்’ என்று பாடி முடிக்கிறார்.

இனி 2023 பதிப்பின் சத்தத்தைப் பற்றி. தயாரிப்பில் சாப்மேன் இல்லை. டெய்லரோடு கிறிஸ்டோபர் ரோவ். வரிகள் அதே, மெட்டு அதே, கார்டு அதே. ஆனால் கேட்கும்போது வேறு பாட்டு. குரல் அடர்த்தியாகிவிட்டது, ஸ்ருதி கெட்டியாக நிற்கிறது. ‘நெவர் க்ரோ அப்’ இதில் ஜெயித்த பாட்டு. சின்னக் குழந்தையிடம் வளராதே என்று கெஞ்சும் தாலாட்டு, கடைசியில் பாடுகிறவரே தன் புது வீட்டில் முதல் இரவு தனியாகத் தூங்கப் போகிறார். இருபது வயதில் அதைப் பாடியபோது பயம் கேட்டது. 32 வயதில் பாடும்போது அந்தப் பயத்தைத் திரும்பிப் பார்க்கிற ஒருவர் கேட்கிறார். ‘ஹான்டட்’ தோற்ற பாட்டு. பழையதில் குரல் உடைகிற இடத்தில் புதியதில் குரல் உடைவதாக நடிக்கிறது. ஒரே பேனா எழுதியதுதான். அறையில் யார் இருந்தார்கள், பாடகிக்கு என்ன வயது என்பதெல்லாம் பாட்டை இவ்வளவு மாற்றுகிறது.

மூல ஆல்பத்தில் சேராமல் பெட்டிக்குள் கிடந்தவை என்று ஆறு பாட்டு கூடுதலாக இருக்கிறது. தயாரிப்புக்கு ஜாக் ஆன்டனாஃபும் ஏரன் டெஸ்னரும் வந்திருக்கிறார்கள். ‘எலக்ட்ரிக் டச்’சில் ஃபால் அவுட் பாய் குழு, ‘காஸில்ஸ் க்ரம்ப்ளிங்’கில் பாடகி ஹேலி வில்லியம்ஸ். விருந்தாளிகள் பாடுகிறார்கள், எழுதவில்லை. ‘ஐ கேன் ஸீ யூ’ மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அந்த கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னத் துணுக்கு) பழகச் சுகமாக இருக்கிறது. மற்றவை ஏன் 2010-இல் ஒதுக்கப்பட்டன என்பது கேட்டவுடன் புரிகிறது.

ஒரு பாட்டைக் காணோம். பழைய டீலக்ஸ் பதிப்பில் ‘இஃப் திஸ் வாஸ் எ மூவி’ இருந்தது. அது மட்டும் பாய்ஸ் லைக் கேர்ள்ஸ் குழுவின் மார்ட்டின் ஜான்சனோடு சேர்ந்து எழுதியது. அதையும் மறுபடி பதிவுசெய்தார். ஆனால் இந்த ஆல்பத்தில் சேர்க்காமல் ‘ஃபியர்லெஸ்’ தொகுப்பின் பெயரில் 2023 மார்ச் மாதம் தனியே வெளியிட்டார். இந்தத் தட்டின் ‘ஒரே பெயர்’ கணக்குக் கெடக்கூடாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. நல்ல பாட்டு அது.

கணக்கு பார்க்கிற இந்தப் பழக்கம் அவரிடம் மட்டும் இல்லை. 2022 ஜனவரியில் ப்ளர், கொரில்லாஸ் குழுக்களின் டேமன் ஆல்பர்ன் ஒரு பேட்டியில், டெய்லர் தன் பாட்டைத் தானே எழுதுவதில்லை என்றார். கூட்டாக எழுதுகிறாரே என்று கேட்டதற்கு, அது கணக்கில் சேராது என்றார். டெய்லர் பொதுவெளியில் பதிலடி கொடுத்ததும் மன்னிப்புக் கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே பேட்டியில் அவர் உயர்த்திப் பேசியது பில்லி ஐலிஷையும் அவர் அண்ணனையும். அந்தப் பெண் எழுதுவதே அண்ணன் ஃபினியஸோடு சேர்ந்துதான். அண்ணன் தங்கை என்றால் கூட்டு கணக்கில் சேரும் போலிருக்கிறது.

என்னிடம் படிக்கிற ஒரு ஜோடியும் அண்ணன் தங்கைதான். அவன் மெட்டு போடுவான், அவள் வரி எழுதுவாள், இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். “மிஸ், இவன் என் வரிய மாத்துறான்.” “மிஸ், அவ எழுதுனது தாளத்துலயே உட்காரல.” இருவர் சொல்வதும் சரி என்பதுதான் கொடுமை. மாக்ஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன் பாடலாசிரியர் இந்தச் சண்டைக்கு ஒரு கணிதமே வைத்திருக்கிறார். முதல் சரணத்தின் வரியில் எத்தனை அசையோ அதே எண்ணிக்கை இரண்டாவதிலும் வர வேண்டும். மெட்டுதான் ராஜா, வார்த்தை வளைந்து கொடுக்க வேண்டும். ‘ஸ்பீக் நவ்’ முடிந்த கையோடு டெய்லர் போனது இவரிடம்தான். ‘ரெட்’டில் மூன்று பாட்டு, பிறகு 2014-இல் ‘1989’ ஆல்பத்தின் பெரும்பகுதி. ‘ஸ்பீக் நவ்’வில் வார்த்தைகள் வரியின் விளிம்பைத் தாண்டி வழிகின்றன, ‘1989’-இல் ஒரு சொட்டு வெளியே போகாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தனியாக அவர் கற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு 2020-இல் நடந்தது. ஊரடங்கில் டெஸ்னர் வெறும் இசைத் துண்டுகளைக் கோப்புகளாக அனுப்புவார். டெய்லர் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதன்மேல் மெட்டும் வரியும் போட்டுத் திருப்பி அனுப்புவார். ‘கார்டிகன்’ பாட்டு சில மணி நேரத்திலேயே போனுக்கு வந்துவிட்டது என்று டெஸ்னர் சொல்லியிருக்கிறார். எதிரில் ஆள் இல்லாததால் கூச்சமில்லை; அடியில் வேறொருவர் இசை ஓடுவதால் பழைய நாலு கார்டுக்குள் விரல் தானாகப் போய் விழவும் வழியில்லை. அப்படி வந்த ‘ஃபோக்லோர்’ மறு ஆண்டு சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. என் அண்ணன் தங்கை ஜோடிக்கு இந்த முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் மாடியில், அவள் கீழே, நடுவில் வாட்ஸ்அப். சண்டை இப்போது குறுஞ்செய்தியில் நடக்கிறது, ஆனால் பாட்டு முடிகிறது.

காசு விஷயத்தையும் பிள்ளைகள் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். நாஷ்வில் அறையில் மூன்று பேர் இருந்தால் பங்கும் பெரும்பாலும் மூன்றாகப் பிரியும்; யார் எத்தனை வரி சொன்னார்கள் என்று எண்ணுவதில்லை. தனியாக எழுதினால் முழுப் பங்கும் ஒருவருக்கு. 2019-இல் டெய்லரின் பழைய ஒலிப்பதிவுகள் கம்பெனியோடு சேர்த்து விற்கப்பட்டபோது, பதிவு கைவிட்டுப் போனாலும் பாட்டின் வரியும் மெட்டும் அவருடையதாகவே இருந்தன. படத்துக்கோ விளம்பரத்துக்கோ பழைய பதிவைக் கேட்டவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல முடிந்தது அந்த உரிமையால்தான். அப்படியே நாலு ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவுசெய்து வெளியிட்டார். நான் வாங்கிய இந்தப் பதிப்பே அதன் விளைவு.

இதையெல்லாம் வைத்து நான் பிள்ளைகளிடம் சொல்வது: முதலில் சில பாட்டை யாருக்கும் காட்டாமல் தனியாக எழுதி முடி. நல்லதோ கெட்டதோ, உன் கை எது என்று உனக்குத் தெரியட்டும். பிறகு யாரை வேண்டுமானாலும் கூப்பிடு. டெய்லரின் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் லிஸ் ரோஸ், பிறகு தனியாக, பிறகு மாக்ஸ் மார்ட்டின். “அப்புறம் ஏன் மிஸ் எங்கள மட்டும் முதல்ல தனியா எழுதச் சொல்றீங்க?” என்று ஒருத்தி மடக்கினாள். லிஸ் ரோஸ் மாதிரி ஒருவர் திருச்சியில் கிடைத்தால் சொல்லுடி, நாளைக்கே அனுப்பி வைக்கிறேன் என்றேன்.

வாங்கலாமா? வினைல் ஓட்டும் இயந்திரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வாங்கலாம். என் பிரதியில் சத்தம் சுத்தமாக இருக்கிறது, தட்டின் ஊதா நிறம் பிள்ளைகளை மயக்குகிறது. 22 பாட்டு, மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம், ஆறு பக்கம்; மூன்று நாலு பாட்டுக்கு ஒருமுறை எழுந்து திருப்ப வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்கவும். பாட்டை மட்டும் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். 2010 பதிப்பின் குரல்தான் வேண்டும் என்பவர்கள் பழைய சிடியைத் தயக்கமில்லாமல் தேடலாம். 2025 மே மாதம் அந்தப் பழைய பதிவுகளையும் டெய்லரே வாங்கிவிட்டார், காசு எங்கே போகிறது என்ற உறுத்தல் இனி இல்லை. முதலில் ‘டியர் ஜான்’, உடனே ‘மீன்’. பிறகு மூன்றாவது தட்டைப் பொறுமை இருந்தால் போடுங்கள்.